திடீரென இழுவை குறையும் பழைய கார்: பார்ட்ஸ் மாற்றும் முன் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பின்னால் வரும் லாரி ஹாரன் அடிக்கிறது. பத்து நொடியில் என்ன மாயமோ, மறுபடியும் பழைய வேகம். மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தானே இருக்கு சார்" என்கிறார்.

பத்து, பன்னிரண்டு வயதான கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான தலைவலி இது. முதல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். "பிளக் மாத்துவோம்", "பம்ப்பா இருக்கும்", "சென்சார் போயிருக்கும்" என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பில் ஏறிக்கொண்டே போகும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பணம் மட்டும் இல்லை இங்கே பிரச்னை. நான்குவழிச் சாலையில் ஓவர்டேக் எடுக்கும்போதோ, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஏறும்போதோ இழுவை போனால், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் "எப்பவாவதுதானே வருது" என்று விட்டுவிடக் கூடாது.

விட்டு விட்டு வருவது ஏன்?

முழுசாகக் கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பாதி கெட்ட பாகம்தான் ஆட்டம் காட்டும். அது குறிப்பிட்ட சூழ்நிலையில் மட்டுமே தோற்கும். அந்தச் சூழ்நிலை பெரும்பாலும் நான்கில் ஒன்று: சூடு, அதிர்வு, ஈரம், சுமை.

இக்னிஷன் காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்று குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும்; சூடேறினால் அதன் இன்சுலேஷன் பலவீனமாகி ஸ்பார்க் குறையும். லூசான ஒரு வயர் கனெக்டர் நல்ல ரோட்டில் அமைதியாக இருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் குதித்தால் விட்டுப்போகும். அடைத்த ஃபில்டர் ஊருக்குள் 40-ல் ஓடும்போது போதுமான பெட்ரோலை விடும். ஹைவேயில் 90-ல் போகும்போது திணறும்.

அதாவது, கோளாறு போய்ப் போய் வரவில்லை. அது எப்போதும் அங்கேயே இருக்கிறது. வெளியே தெரியும் சூழ்நிலைதான் போய்ப் போய் வருகிறது. ஆகவே முதல் கேள்வி "எந்தப் பார்ட்ஸ் போச்சு?" இல்லை. "எப்போ வருது?" என்பதுதான்.

முதலில், இது இன்ஜின் பிரச்னைதானா?

இழுவை குறைந்தாலே இன்ஜின்தான் காரணம் என்று இல்லை. அடுத்த முறை நடக்கும்போது ஆர்.பி.எம் முள்ளைப் பாருங்கள்.

முள் ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. இன்ஜின் சக்தியைத் தருகிறது. அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மேட்டில், மேல் கியரில் இது நன்றாகத் தெரியும். கருகிய வாசனையும் வரலாம்.

வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக இருந்தால் சந்தேகம் உறுதி.

இன்னொன்று உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழப்பது இயற்கை. மலையில் மட்டும் மந்தம், கீழே இறங்கினால் சரி என்றால், அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இவை எதுவும் இல்லை. மிதிக்க மிதிக்க ஆர்.பி.எம்-மே ஏறவில்லை, அல்லது வண்டி ஜெர்க் அடிக்கிறது என்றால், இப்போது இன்ஜினுக்குள் போகலாம்.

இன்ஜின் கேட்பது ஐந்துதான்

பெட்ரோல் இன்ஜின் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அதற்குத் தேவை ஐந்து: சரியான அளவு காற்று, சரியான அளவு எரிபொருள், சரியான நேரத்தில் ஸ்பார்க், சிலிண்டருக்குள் போதிய அழுத்தம், புகை வெளியேற தடையில்லாத வழி. இழுவை குறைந்தால் இந்த ஐந்தில் ஒன்று குறைகிறது. சென்சார்களும் இ.சி.யு என்கிற கட்டுப்பாட்டுக் கணினியும் முதல் மூன்றையும் அளந்து கொடுக்கும் கணக்குப்பிள்ளைகள். கணக்கு தப்பினாலும் அதே விளைவுதான்.

இதில் சிலிண்டர் அழுத்தம் விட்டு விட்டுக் குறைவது அபூர்வம். ரிங்கோ வால்வோ தேய்ந்திருந்தால் இழுவை எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆகவே "இன்ஜின் இறக்கிப் பார்த்துடலாம்" என்று யாராவது எடுத்த எடுப்பிலேயே சொன்னால், கொஞ்சம் நில்லுங்கள்.

'எப்போது' என்பதே பாதி விடை

*அரை மணி நேரம் ஓடிய பிறகு, சூட்டில் மட்டும்:* இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப், பம்ப்பின் ரிலே. கிராங்க் சென்சார்தான் இன்ஜின் சுழலும் நிலையை இ.சி.யு-வுக்குச் சொல்கிறது. அது நின்றால் ஸ்பார்க்கும் நிற்கும், பெட்ரோலும் நிற்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அது வலுவான அடையாளம். ஆறியதும் ஸ்டார்ட் ஆகிவிடும்.

*மேட்டிலும் அதிக வேகத்திலும் மட்டும்:* எரிபொருள் வரத்து அல்லது புகை வெளியேறும் வழி. அடைத்த ஃபில்டர், பலவீனமான பம்ப், அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்.

*டேங்க்கில் பெட்ரோல் குறையும்போது:* டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்பைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் குளிர வைக்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும். அடியில் தங்கிய கசடும் பம்ப்பின் வலையில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தினால் உறிஞ்சும் வேகம் நின்று கசடு உதிரும். பத்து நிமிடத்தில் வண்டி "சரியாகிவிடும்".

*மழையிலும் வாட்டர் சர்வீஸ் முடிந்த பிறகும்:* பிளக் வயர், காயில், கனெக்டர்களில் ஈரம். இருட்டில் பானெட்டைத் திறந்தால் சில நேரம் தீப்பொறி கசிவதையே பார்க்கலாம். கை வைக்க வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும்.

*குண்டும் குழியுமான ரோட்டில்:* லூஸ் பேட்டரி டெர்மினல், துருப்பிடித்த எர்த் வயர், தளர்ந்த கனெக்டர்.

*இரவில், ஏ.சி-யும் ஹெட்லைட்டும் ஓடும்போது:* மின்சாரப் பற்றாக்குறை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் பலவீனமாக இருந்தால் பம்ப்பும் காயிலும் அரை வயிற்றோடு வேலை செய்யும்.

*புதிதாக ஒரு பங்க்கில் நிரப்பிய சில கிலோமீட்டரில்:* எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம்

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிறது. ஃபுல் டேங்க்கில் போகும்போது பிரச்னை இல்லை. திரும்பும்போது, டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய நிலையில், ஹைவே வேகத்தில் இழுவை குறைகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிறது.

"பம்ப்தான், மாத்திடலாம்" என்று தோன்றும். ஆனால் இதே அறிகுறியைத் தரக்கூடியவை குறைந்தது மூன்று: பம்ப் அல்லது அதன் வலை, டேங்க்கின் காற்றுத் துவாரம், பம்ப்புக்குப் போகும் மின்சாரம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பிரச்னை வந்தவுடன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். லேசான 'உஸ்' சத்தம் சாதாரணம். காற்று பலமாக உள்ளே இழுக்கப்பட்டு, மூடியைத் திறந்தவுடனே வண்டி சரியானால் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று வராததால், பம்ப் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

மாற்றமே இல்லை என்றால் இரண்டாவது சோதனை. எரிபொருள் பாதையில் பிரஷர் கேஜ் மாட்டி ஓட்ட வேண்டும். பல எம்.பி.எஃப்.ஐ கார்களில் அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும். சரியான எண் அந்தந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இழுவை குறையும் அதே நேரத்தில் முள்ளும் விழுகிறதா? அப்படியானால் எரிபொருள் பக்கம்தான் கோளாறு. விழவில்லை என்றால் பம்ப் நிரபராதி. அதை மாற்றியிருந்தால் காசு வீண்.

அழுத்தம் விழுந்தால் மூன்றாவது சோதனை: அந்த நேரத்தில் பம்ப் கனெக்டரில் எத்தனை வோல்ட்? பேட்டரியில் உள்ளதற்கு நெருக்கமாக இருந்தால் பம்ப் அல்லது வலை. பேட்டரியில் 14, பம்ப்பில் 10 என்றால் வழியில் எங்கோ மின்சாரம் தொலைகிறது: ரிலே, கருகிய கனெக்டர், அல்லது எர்த். இந்த இடத்தில் புது பம்ப் போட்டாலும் பழைய கதைதான் தொடரும்.

மூன்று சோதனைகள், ஒவ்வொன்றும் சந்தேக வட்டத்தைப் பாதியாக்குகிறது. கண்டுபிடிப்பது என்றால் இதுதான்.

அதிகம் தப்பித்துவிடும் குற்றவாளி

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் இதன் உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள் இருக்கும். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரியும். அந்தச் சூட்டில் தேன்கூடு உருகி அடைக்கும், அல்லது உடையும். உடைந்த துண்டு உள்ளே புரண்டு, ஒரு நேரம் வழியை மறிக்கும், ஒரு நேரம் விலகும். ஐடிலிங்கில் நல்லா இருக்கும். மிதித்தால் யாரோ சைலன்சரில் துணி அடைத்த மாதிரி ஆகும்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜ் வைத்துப் பின்னழுத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். அடைத்திருந்தால் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் போதாது. அதை உருக்கிய மிஸ்ஸிங்கையும் சரிசெய்யவில்லை என்றால் புதியதும் உருகும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டு மின்னுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பல கார்களில் மின்னினால் கடுமையான மிஸ்ஸிங் என்று அர்த்தம், கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

ஸ்கேனர் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

இந்தியாவில் பி.எஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி-2 வசதி கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சில நூறு ரூபாய் புளூடூத் அடாப்டரைச் செருகினால், போனிலேயே கோளாறு கோடுகளைப் படிக்கலாம். அதற்கு முந்தைய மாடல்களில் கார் நிறுவனத்துக்கென உள்ள ஸ்கேனர் தேவைப்படலாம்.

ஆனால் கோடு என்பது தீர்ப்பு இல்லை, புகார். 'பி0171' வந்தால் "பெட்ரோலைவிடக் காற்று அதிகமாக இருக்கிறது" என்று அர்த்தம்; ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. வெடித்த வேக்கம் ஹோஸோ, பலவீனமான பம்ப்போ காரணமாக இருக்கலாம். 'பி0335' என்றால் கிராங்க் சென்சார் சிக்னல் சரியில்லை. சென்சாரா, அதன் வயரா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

கோடைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, 'ஃப்ரீஸ் ஃபிரேம்': கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்.பி.எம், இன்ஜின் சூடு எவ்வளவு என்ற ஸ்னாப்ஷாட். இன்னொன்று, 'ஃபியூவல் டிரிம்': இ.சி.யு தன் கணக்கைவிட எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்ற எண். ஐடிலிங்கில் இது அதிகமாக இருந்து வேகம் கூடினால் குறைகிறதா? காற்று எங்கோ கசிகிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து, சுமை ஏறும்போது கூடுகிறதா? பெட்ரோல் வரத்தையோ காற்றளவு சென்சாரையோ சந்தேகப்படலாம்.

முக்கியமான ஒன்று: மெக்கானிக் பார்ப்பதற்கு முன் ஆர்வத்தில் கோடை அழித்துவிடாதீர்கள். ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும். போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

டீசல் கார் என்றால்?

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சந்தேகப் பட்டியல் மாறும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்குவது, டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிவது, இ.ஜி.ஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்பது ஆகிய மூன்றும் முதல் வரிசை. மிதிக்கும்போது 'ஷ்ஷ்' என்று காற்றுச் சத்தமும் கரும்புகையும் வந்தால் ஹோஸைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது கிழிசல் தெரியாது. டர்போ அழுத்தம் வரும்போதுதான் விரியும்.

சாவியை அணைத்துப் போட்டால் இழுவை திரும்புகிறதா? அது 'லிம்ப் மோட்' ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஏதோ அளவு எல்லை தாண்டியதால் இன்ஜினைக் காப்பாற்ற இ.சி.யு தானே சக்தியைக் குறைத்திருக்கிறது. அணைத்துப் போட்டு ஓட்டுவது தீர்வு இல்லை. காரணம் மெமரியில் பதிவாகியிருக்கும், படியுங்கள்.

எல்லாத்துக்கும் இ20 பெட்ரோல்தான் காரணமா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்ததிலிருந்து, பழைய காரில் எது நடந்தாலும் பழி அதன் மேல்தான். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை நன்றாக இழுத்து, புதன்கிழமை திணறுவதற்கு ஆற்றல் குறைவு நேரடிக் காரணம் ஆகாது.

மறைமுகமாகப் பங்கு இருக்கலாம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். டேங்க்கில் பல வருடங்களாகப் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களைப் பாதிக்கும். ஆகவே பழைய காரில் ஃபில்டர், பெட்ரோல் ஹோஸ் இரண்டையும் முன்கூட்டியே பார்ப்பது நல்லது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதையும் தவிருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்ல வேண்டும்?

"அப்பப்ப இழுக்கல அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும். போனில் ஒரு நோட்ஸ் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஆறே விஷயம்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், வேகமும் ஆர்.பி.எம்-மும், மேடா சமதளமா, டேங்க்கில் எவ்வளவு, ஏ.சி, மழை. நான்கைந்து பதிவு சேர்ந்தாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். பக்கத்தில் இருப்பவர் மீட்டரை வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. ஓட்டுபவர் எடுக்கக் கூடாது.

பிரச்னை வரும் அதே நிலையில் மெக்கானிக்கை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். சூட்டில் வரும் கோளாறை, ஆறிப்போன வண்டியில் தேட முடியாது.

செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் போகச் சொல்லுங்கள்: பேட்டரி டெர்மினல், எர்த், ஏர் ஃபில்டர், வேக்கம் ஹோஸ், பிளக், எரிபொருள் ஃபில்டர், த்ராட்டில் பாடி சுத்தம். சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடலாம். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

விலை அதிகமான பாகத்தை மாற்றச் சொன்னால் ஒரே கேள்வி: "எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுதுண்ணே?" கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகவே காட்டுவார். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரோட்டில் நடந்தால்?

பதறி ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். கண்ணாடியைப் பார்த்து, இருக்கும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். இன்ஜின் முழுவதும் நின்றுவிட்டால் ஸ்டீயரிங் கனமாகும். பலமாகத் திருப்ப வேண்டியிருக்கும். பிரேக்கில் இரண்டு, மூன்று முறைக்கு மட்டுமே பழைய உதவி மிச்சம் இருக்கும். விட்டு விட்டு அடிக்காமல், ஒரே சீராக அழுத்துங்கள். வண்டி நகரும்போது சாவியை உருவவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்றதும் எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவி எண் 1033.

காரணம் தெரியும்வரை அந்த வண்டியில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, குடும்பத்தோடு இரவுப் பயணத்தையோ திட்டமிடாதீர்கள். இருவழிச் சாலையில் ஓவர்டேக் வேண்டவே வேண்டாம்.

சரி, எப்போது கைவிடலாம்?

தனிநபர் கார்களின் பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு முன் ஃபிட்னஸ் பார்ப்பார்கள். அந்தக் கட்டத்தில் இருக்கும் வண்டிக்கு இப்படி ஒரு கோளாறு வந்தால், "தள்ளிவிட்டுடலாமா?" என்று தோன்றுவது இயல்பு. சிலிண்டர் அழுத்தம் நான்கிலும் சரியாக இருந்தால், அந்த இன்ஜினில் இன்னும் உயிர் இருக்கிறது. இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை கழற்றி மாட்டும் பாகங்கள்தான். ஒரு ஃபில்டர், ஒரு ரிலே, சில நேரம் ஒரு எர்த் வயரின் துரு. அழுத்தம் சமமாக இல்லை என்றால் மட்டும், செலவையும் வண்டியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து நிமிட டெஸ்ட் டிரைவில் இந்தக் கோளாறு மாட்டாது. ஏ.சி போட்டு, குறைந்தது 40 நிமிடம், ஒரு மேம்பாலமாவது ஏறி இறங்கி ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனரில் எல்லாச் சோதனைகளும் 'முடியவில்லை' என்று காட்டினால், யாரோ கோடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். ஏன் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.